‘பை’ சொல்லாத வேன் ஆயா

செஞ்சியில் ஆங்கிலம் தெரியாதவர் எவரும் இல்லை. பஸ் லேட், கரண்ட் கட், ரேஷனில் க்யூ, உடம்பில் பிரஷர், வீட்டில் டென்ஷன் என்று கண் விழித்ததிலிருந்து ஊரே ஆங்கிலத்தில்தான் அவதிப்படுகிறது. ஆனால் அதை ஆங்கிலம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆங்கிலம் என்பது வேறு. அது திண்டிவனம் சாலையில் ஃபீஸ் கட்டிக் கற்பது.

அந்தச் சாலையில் இருக்கும் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் ஜெயக்கொடி வேன் ஆயா. இந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. நாற்பது வயதைக்கூடத் தொடாத ஜெயக்கொடி முப்பது சொச்சம் பிள்ளைகளுக்குப் பாட்டியாக இருப்பதில் யாருக்கும் ஆச்சரியமில்லை, அவரையும் சேர்த்து. காலையில் சிங்கவரம் பக்கம் போய்ப் பிள்ளைகளை வீட்டு வாசலிலேயே அள்ளிக்கொண்டு வருவது, ஜன்னலுக்கு வெளியே நீளும் தலைகளை உள்ளே இழுப்பது, வாந்தியைத் துடைப்பது, மாலையில் தூங்கிப்போனவனைச் சரியான வீட்டில் இறக்குவது அவருடைய வேலை. மகள் மங்கை அதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். ஊழியர் வீட்டுப் பிள்ளை என்பதால் ஃபீஸ் கேட்பதில்லை. வேலை போனால் மங்கையின் பெஞ்சும் போகும். இது ஜெயக்கொடிக்கும் தெரியும், பள்ளிக்கும் தெரியும்.

ஜூன் மாதம் தாளாளர் தேவராஜ் ஓர் உத்தரவு போட்டார். பள்ளி வளாகத்திலும் வேனிலும் இனி ஆங்கிலம் மட்டுமே. ஆசிரியர், கிளார்க், டிரைவர், ஆயா, கக்கூஸ் கழுவுகிறவர் எல்லாருக்கும் ஒரே சட்டம். சனிக்கிழமைகளில் பள்ளியே சொல்லிக்கொடுக்கும். அரையாண்டுத் தேர்வுக்குள் அவரே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார். தேறாதவர்களுக்குப் பொங்கலுக்குப் பிறகு வேலை கிடையாது. எதிர்ப் பள்ளியில் வாட்ச்மேனே குட் மார்னிங் சொல்கிறாராம். அந்தச் செய்தி கேட்டதிலிருந்து தேவராஜுக்குச் சரியான தூக்கமில்லை.

வகுப்பு யூகேஜி அறையில் நடந்தது. டிரைவர் வீரமணி குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பாடம் நடத்தியவர் விழுப்புரத்திலிருந்து வந்துபோகும் இளம் ஆசிரியை அனு.

“உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை ஏதாவது சொல்லுங்க ஜெயக்கொடி அக்கா.”

“ஒண்ணும் தெரியாது டீச்சர்.”

“சரி, இன்னைக்கு எப்படி வந்தீங்க?”

“டவுன் பஸ்லதான். கண்டக்டரு ஸ்டாப்பிங்ல நிறுத்தாம கூட்ரோட்ல எறக்கி வுட்டுட்டான். லேட்டாயிடும்னு ஒரே டென்ஷன்.”

அனு ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதிக் காட்டினார். “இதெல்லாம் என்னக்கா?”

“இது தமிழு டீச்சர்,” என்றார் ஜெயக்கொடி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆனால் அவருக்கு ஆங்கிலம் பிடித்துப்போயிற்று. சிட் டவுன், கீப் கொயட், ஹேண்ட்ஸ் இன்சைட். மூன்றே வாரத்தில் வேன் அடங்கிற்று. அதற்கு அவர் ஒரு காரணமும் கண்டுபிடித்தார். தமிழில் அதட்டினால் பேங்க் ஆபீசர் வீட்டுப் பையனுக்கு ‘டா’ போடலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் அவன் பக்கத்துப் பெண்ணைக் கிள்ளிவிடுகிறான். ஆங்கிலத்தில் ‘டா’வும் இல்லை, ‘ங்க’வும் இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி அதட்டலாம். பாடத்தில் இல்லாததையும் அவரே செய்துகொண்டார். “வாமிட் கம்மிங், டெல் மீ” என்பது வேனில் முதலில் நிலைபெற்ற வாக்கியம். அனு அதைத் திருத்தவில்லை. திருத்தினால் புரியாமல் போய்விடும் என்று பயந்திருக்கலாம்.

விடைபெறும் பாடம் வந்த சனிக்கிழமைதான் வினை.

“வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லணும்? பை. ஐ ஆம் லீவிங். எங்க, எல்லாரும் சொல்லுங்க.”

எல்லாரும் சொன்னார்கள். ஜெயக்கொடி வாயைத் திறக்கவில்லை.

“அக்கா, நீங்க?”

“அது வேணாம் டீச்சர். வேற ஏதாச்சும் குடு.”

“ஏன்?”

“போறேன்னு சொல்லிட்டு யாராச்சும் கெளம்புவாங்களா? பொணத்தயே நாம எடுத்தாச்சுன்னுதான சொல்றோம்?”

“இது இங்கிலீஷ்க்கா. இங்கிலீஷ்ல இப்படித்தான்.”

“இருக்கட்டும். காலையில பெத்தவ எதிர்ல புள்ளய ஏத்தறப்ப அந்த வார்த்த என் வாயில வராது. கோ அண்ட் கம்னு சொல்லிக்கறேன்.”

“அப்படி ஒரு வழக்கமே அங்க கிடையாதுக்கா.”

“ஏன், போனவங்க திரும்ப வர மாட்டாங்களா?”

“வருவாங்க. சொல்ல மாட்டாங்க.”

வீரமணிக்கு இந்த மாதிரி சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். “டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்லுது ஜெயக்கொடி. வெள்ளக்காரன் நம்ம கோட்டைய வுட்டுப் போறப்ப பைன்னுதான் சொல்லிட்டுப் போனான். போய்ட்டு வரேன்னு சொல்லியிருந்தான்னு வை, நம்ம கதி இன்னா?”

அறை சிரித்தது. சிரிப்பு கிடைத்த தெம்பில் அவர் ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்தார். “உங்க வூட்டுக்காரரு கூடத்தான் போய்ட்டு வரேன்னுட்டு திருப்பூரு போனாரு. வந்தாரா?”

சிரிப்பு நின்றது. ஜெயக்கொடியின் கணவர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது என்பதும், போனிலும் வரவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

“அந்தாளு பொய் சொன்னாரு,” என்றார் ஜெயக்கொடி. “அதுக்கு வார்த்த இன்னா பண்ணும், பாவம்? உனுக்குத்தான் பை நல்லா வருதே. நாளைக்குக் காலையில உம் பொண்டாட்டிகிட்ட ‘ஐ ஆம் லீவிங்’னு சொல்லிப்பாரு. தொடப்பக்கட்ட வந்துதுன்னா கேட்ச் புடிச்சுக்க.”

ஜெயக்கொடி சாஸ்திரம் பார்க்கிறவர் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ராகு காலத்தில் வேன் ஏறுவார். பூனை குறுக்கே போனால், பூனை நசுங்கிவிடப் போகிறதே என்றுதான் பிரேக் போடச் சொல்வார். தும்மல், பல்லி, ஒற்றைப் பிராமணன் எதற்கும் அவரிடம் மரியாதை கிடையாது. இந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவருக்கு எங்கிருந்து இந்தப் பிடிவாதம் வந்தது என்று கேட்டால், வேறு எல்லாவற்றையும் விட்டுவிட்டதால் வந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை முதல் வேனில் அவருடைய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. பிள்ளை ஏறியதும் வாசல் பக்கம் திரும்பி, அம்மாவைப் பார்த்து, “கோ அண்ட் கம், மம்மி” என்று சொல்ல வேண்டும். அம்மா “போய்ட்டு வாடா கண்ணு” என்று சொன்ன பிறகுதான் கதவு சாத்தப்படும். தாளாளரின் சட்டமும் காப்பாற்றப்பட்டது, ஜெயக்கொடியின் சட்டமும் காப்பாற்றப்பட்டது. வீரமணி மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார். “ஒவ்வொரு வூட்லயும் ஒரு நிமிஷம் போவுது. நான் இன்னா தேரா ஓட்டறேன், தெருவுக்குத் தெரு நிறுத்தி நிறுத்தி இழுக்கறதுக்கு?”

அட்மிஷனுக்காக ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று தேவராஜுக்குத் தோன்றிய நாள் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் சாலையை அடைத்துக்கொண்டிருந்ததால் வேன் தாமதம். கேமராக்காரரோடு சிங்கவரம் முனையில் வெயிலில் காத்திருந்த தாளாளர், வேன் வந்ததும் திட்டத்தை விளக்கினார். குழந்தைகள் கையசைத்து “பை மம்மி, பை டாடி” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கேமரா ஓடிற்று. “கோ அண்ட் கம், மம்மி!” என்றது வேன் முழுவதும், ஒரே குரலில்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே. மூன்றாவது தடவை எல்கேஜி படிக்கும் ஒரு பெண், கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரையும் மறக்காமல், “கோ அண்ட் கம், சார்” என்று கையாட்டினாள். போதாத குறைக்கு, பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஒரு தகப்பனார் அதே வாரம் வந்து நின்றார். பெங்களூர் மாமாவிடம் பையன் போனில் பேசி முடிக்கும்போது ‘கோ அண்ட் கம்’ என்றானாம். மாமா யார் போகிறார், யார் வருகிறார் என்று கேட்டாராம். இதற்குத்தானா ஃபீஸ் கட்டுகிறேன் என்பது தகப்பனாரின் கேள்வி.

ஜெயக்கொடியின் நேர்காணல் முன்னுக்குத் தள்ளப்பட்டது. வரும் வெள்ளிக்கிழமை.

முதல் நாள் சாயங்காலமே மங்கை ஆரம்பித்துவிட்டாள். “ஒரே ஒரு வார்த்தம்மா. நாங்கல்லாம் டெய்லி சொல்றோம். யாரு செத்துட்டாங்க?”

“வாயக் கழுவு.”

“உன் வேல போனா என் ஸ்கூலு போவும். தெரியுமா தெரியாதா?”

“கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் இல்லியா? அங்கயும் அதே ஏபிசிடிதான்.”

“எனுக்கு இங்கதான் ஃப்ரெண்ட்ஸு.”

 ஏபிசிடியைப் பற்றி ஜெயக்கொடி உறுதியாகத்தான் பேசினார், ஆனால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மங்கை அதை எடுத்து மூடிவைத்தாள். 

வெள்ளிக்கிழமை மாலை, வேன் கிளம்புவதற்குச் சற்று முன், தாளாளர் அறை. அனு ஓரமாக நின்றிருந்தார். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. தேவராஜ் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார், ஜெயக்கொடி ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

குழந்தை அழுதால்?

“டோண்ட் க்ரை. ஈவினிங் மம்மி கம்மிங்.”

வேன் நடுவழியில் நின்றுவிட்டால்?

“சில்ரன் டவுன். ரோட் சைட், லைன். டிரைவர் போன்.”

தாளாளருக்குத் திருப்தி. “வெரி குட். நவ் சே பை அண்ட் கோ.”

“கோ அண்ட் கம், சார்.”

“ராங். சே பை.”

ஜெயக்கொடி நின்ற இடத்திலேயே நின்றார். தேவராஜ் தமிழுக்கு இறங்கினார். “ஏம்மா, ஒரு வார்த்த. சொல்லிடேன். உன் வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“சொல்லலன்னா ஃபெயிலு. ஃபெயிலுன்னா இன்னான்னு தெரியும்ல?”

“தெரியும் சார். எனுக்கு வேல இல்ல, எம் பொண்ணுக்குப் படிப்பு இல்ல.”

“தெரிஞ்சேதான் பேசறியா?”

“தெரிஞ்சேதான் சார். நீங்க வாயத் தொறந்து ‘போ’ன்னு சொல்லுங்க, கெளம்பறேன். நானா என் வாயால சொல்லிக்கிட்டுக் கெளம்ப மாட்டேன்.”

தேவராஜ் வாயைத் திறந்தார். அதிலிருந்து எதுவும் வரவில்லை. அவர் பரம்பரை மல்லாட்டை மண்டிக்காரர், நிலக்கடலை வியாபாரி, சமணர். அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த அதே கல்லாவில் இன்றும் காலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறவர். அந்த மண்டியில் சரக்கு இல்லை என்று யாரும் சொன்னதில்லை, நாளைக்கு வரும் என்பார்கள். பாதிக்குப் பாதி தூசியோடு மூட்டை கொண்டுவருகிறவனிடம்கூட, “அடுத்த வாரம் பாக்கலாம், வாங்க” என்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில், உள்ளே வந்த ஒரு பெண்ணிடம் முகத்துக்கு நேரே ‘போ’ என்று சொல்வது ஆங்கிலத்தில் அவருக்குச் சுலபம். சற்று முன்தான் சொன்னார். தமிழில் அது தொண்டையைத் தாண்டவில்லை. அனு சொல்லமாட்டாரா என்று பார்த்தார். அனு மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளியே வீரமணி ஹாரனை அழுத்தினார். பிள்ளைகள் வேனில் கத்தத் தொடங்கியிருந்தார்கள்.

“வேன்ல இருந்தாத்தான இந்த வம்பு,” என்றார் தேவராஜ் கடைசியில். “திங்கக்கெழமையிலேருந்து நீ மெயின் கேட்ட பாத்துக்க. காலையில குட் மார்னிங். சாயந்தரம் வாயே தொறக்கக் கூடாது. முடியுமா?”

“முடியும் சார்.”

அது தண்டனைதான், அதில் சந்தேகமில்லை. வேனில் ஒரு சீட்டாவது இருந்தது. கேட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும், புரட்டாசி வெயில் வேறு. முதல் நாளே கால் வீங்கிற்று. ஆனால் மங்கை ஒன்பதாம் வகுப்பிலேயே இருந்தாள்.

ஜெயக்கொடி வாக்கு மாறவில்லை. மாலையில் வாயே திறக்கவில்லை. கேட்டையும்தான் உடனே திறக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, வெளியே போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். வேன் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “கோ அண்ட் கம், ஆயா!” தாழ்ப்பாள் வெண்ணெயாக நகரும். மற்ற வேன்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. வேனில் முப்பது சொச்சம் பேருக்குப் போய்க்கொண்டிருந்த பாடம் இப்போது பள்ளிக்கூடம் முழுவதற்கும் போயிற்று. ‘பை’ என்று சொன்னவர்களுக்கும் கேட் திறந்தது, சற்றுத் தாமதமாக. ஏன் என்று கேட்டால் தாழ்ப்பாளைச் சுட்டிக்காட்டுவார், துரு. மற்றவர்களுக்கு அது துருப்பிடிப்பதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தாளாளரின் கார் வந்து நின்றது. பின்னால் வீரமணியின் வேன், அதற்குப் பின்னால் இரண்டு வேன்கள், ஓரத்தில் சைக்கிளோடு ஒன்பதாம் வகுப்பு. தேவராஜ் ஹாரன் அடித்தார். ஜெயக்கொடி தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருந்தார். கார்க் கண்ணாடி இறங்கிற்று.

“இன்னாம்மா?”

ஜெயக்கொடி தாழ்ப்பாளைக் காட்டினார்.

“மண்டி சாத்தற நேரம், தொறம்மா.” தாளாளர் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். ஜன்னல்கள் நிறையத் தலைகள். தாழ்ந்த குரலில், “பை,” என்றார்.

தாழ்ப்பாள் அசையவில்லை. மங்கை வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவமானத்திலா, சிரிப்பை அடக்கவா என்று அவளுடைய சிநேகிதிகளாலேயே சொல்ல முடியவில்லை.

தேவராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, இந்த ஊரில் எந்த வீட்டைவிட்டு இறங்கினாலும் சொல்கிற குரலில், தன்னை அறியாமல் சொன்னதுபோல, “சரிம்மா, வரேன்,” என்றார்.

கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்தது. கார் போயிற்று. ஜெயக்கொடி கேட்டை மறுபடி சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

வீரமணி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினார். “யம்மா தாயே, நானும் வரேன்! கோ அண்ட் கம்! இன்னும் இன்னா சொல்லணும், சொல்லு, அதயும் சொல்லிடறேன்!”

ஜெயக்கொடி பேசக் கூடாதல்லவா. தாழ்ப்பாளைச் சுட்டிக்காட்டினார்.