முப்பத்தேழாம் கேள்விக்கு விடை இல்லை

“கரும்பு லோடு அடிக்கிறவரு பொண்ணுதான? இதுக்கு யோசனையெல்லாம் வராது. ஒப்பிக்கச் சொல்லுங்க, போதும்” என்று டியூஷன் சார் என் அப்பாவிடம் சொன்னபோது அவர் வாயிலிருந்து அடித்த பாக்கு நெடி, இன்றும் யாராவது பாக்கு மென்றபடி பக்கத்தில் வந்தால் அப்படியே மூக்கில் ஏறுகிறது.

இரண்டாயிரத்து எட்டில் நான் எட்டாம் வகுப்பு. சேத்தியாத்தோப்புப் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். உதவித்தொகைத் தேர்வில் தேறினால் மேலே படிப்பது, இல்லாவிட்டால் அம்மாவோடு களையெடுக்கப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். கைநாட்டு வைக்கிற குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்ற கர்வத்தோடு சனிக்கிழமை தோறும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, வெற்றிலை எச்சில் படிந்த படிக்கட்டில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியில் இருந்த டியூஷனுக்குப் போவேன்.

பிள்ளைகளின் சிந்தனையை வளர்க்கும் புதிர் வகுப்பு என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே புதிர்களை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள். சார் கேள்வி எண்ணைச் சொல்வார், நாங்கள் விடையைக் கத்துவோம். அதற்குப் பெயர் “ஸ்பீடு”.

“முப்பத்தேழு?”

“குமார், சார்!”

ஒருநாள் அந்தக் கேள்வியைப் படித்துத் தொலைத்தேன். குமார் சேகரைவிட உயரம். பாபுவும் சேகரைவிட உயரம். மூவரில் அதிக உயரம் யார்? எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை வரவில்லை. எழுந்து சொன்னேன். சார் புரியாதவர்போல் பார்க்கவே, குள்ளமான ரகுவைச் சேகராகவும், கவிதாவைக் குமாராகவும், செல்வியைப் பாபுவாகவும் நிற்க வைத்தேன். செல்விதான் நெட்டை, அதாவது பாபு. பிறகு கவிதா, செல்வி இருவரின் பெயரை மட்டும் மாற்றினேன். இப்போது குமார் நெட்டை. கேள்வியில் சொன்னது இரண்டு தடவையும் பொய்யாகவில்லை.

“ஏய், ரெண்டு தடவையும் நான்தான் குட்டையா?” என்று ரகு சிணுங்க, வகுப்பே சிரித்தது.

“புஸ்தகம் போட்டவன விட நீ பெரிய இவளா?” என்றார் சார். “குமார்னு சொல்லிட்டு உக்காரு. இல்லன்னா பையத் தூக்கிக்கினு கெளம்பு.”

பையைத் தூக்கிக்கொண்டேன். சிரித்தவர்கள் எல்லோரும் அடுத்த நொடியே சார் “முப்பத்தெட்டு” என்றதும் கத்தத் தொடங்கியதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. படியில் கிடந்த எச்சிலைவிட அதிகமாக.

அடுத்த சனிக்கிழமை அப்பா கெஞ்ச வந்தார். அந்தப் பெயரைச் சொன்னால் சேர்த்துக்கொள்வதாகச் சார் சொன்னார்.

“ஒரு பேரச் சொன்னா என்னாடி கொறஞ்சா பூடுவ?” என்றார் அப்பா.

“அதுல இல்லப்பா. இல்லாதத எப்புடிச் சொல்றது?”

அவர் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஊர்ப் பஸ்ஸில் ஏற்றினார்.

தேர்வை எங்கள் பள்ளி வழியாகவே எழுதினேன். தேறவில்லை. ஒப்பித்தவர்களில் சிலர் தேறினார்கள்; அவர்கள் முகங்களுக்கு நடுவே சாரின் பெரிய முகத்தோடு கீழவீதியில் பேனர் தொங்கியது. அதனால் குமார் ஒரு விரல்கூட வளர்ந்துவிடவில்லை. ஜூனில் அப்பாவே டிராக்டரில் உட்காரவைத்து உயர்நிலைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். “ஒங்கூட மல்லுக்கட்ட என்னால ஆவாது. படிச்சே தொலை” என்றார்.

இப்போது அந்த மாடியில் செல்போன் கடை இருக்கிறது. அந்த வகுப்பும் பேனரும் போய்விட்டன. அந்தக் கத்தல் மட்டும் போகவில்லை. கடலூரில் நான் பாடம் எடுக்கும் பள்ளியிலும் புதிர்ப் புத்தகத்தின் விடைப் பக்கம்தான் முதலில் அழுக்காகிறது. இந்த அரையாண்டுத் தேர்வின் புதிர்ப் பகுதிக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு புதிரின் கீழும், நான்கு விடைகளுக்குப் பிறகு, ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: ‘கொடுத்த விவரம் போதாது.’

“ஏம்மா, புள்ளைங்க கொழம்பிடுமே?” என்றார் தலைமையாசிரியை.

“கொழம்பட்டும் மேடம்” என்று சொல்லிவிட்டு, வினாத்தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.