நான் போட்ட ஃப்ளோ

சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில் எனக்கு ஆபீஸ் வேலை. லாரி வந்ததும் லேபில் பழத்தைச் சோதித்து கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் ஏற்றுவார்கள். அது தானாகவே மேனேஜர் போனுக்குப் போகும். அவர் ‘சரி’ என்று அழுத்தினால் கேட்டுக்குச் செய்தி வரும், லாரி உள்ளே நுழையும். இதெல்லாம் தானாக ஓடும்படி கம்ப்யூட்டரில் அந்த ஃப்ளோவைப் போட்டது நான்தான். இரண்டு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தேன். அப்போது யாரும் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன சீசனில் திருப்பதி கிளையிலிருந்து ஒருத்தி மாற்றலாகி வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். வந்த வாரமே, “அக்கா, உங்க ஃப்ளோவுல ஒண்ணு சேர்க்கட்டுமா?” என்றாள். தலையாட்டினேன். இருபது நிமிடத்தில் மேனேஜர் பதில் தராவிட்டால் ரிப்போர்ட் துணை மேனேஜருக்குப் போகும்படி மாற்றினாள். அவ்வளவுதான். லாரிகள் வெயிலில் காத்துக் கிடப்பது நின்றுபோனது. மேனேஜர் எல்லோர் முன்னாலும், “சால பாகுந்தம்மா” என்று தெலுங்கில் அவளைப் பாராட்டினார். எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

“இன்னாக்கா, துன்னாம ஒக்காந்துகினு கீறீங்க?” என்று அவளே வந்து கேட்டாள். பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மேனேஜர் திருப்பதியில் மீட்டிங்கில் இருந்தார், போனைப் பார்க்க மாட்டார். நான் ஃப்ளோவைத் திறந்து, என் பழைய வெர்ஷனையே திருப்பி வைத்தேன். அவள் மாற்றியதால்தான் கெட்டது என்று எல்லோரும் பேசட்டும் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் கேட்டில் கத்தினார்கள். அவள் ஓடிவந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். யார், எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியலில் என் பெயர் இருந்தது.

“நீங்களாக்கா?”

“தெரியாம கை பட்டுடுச்சி.”

அவள் மறுபடி திரைப்பக்கம் திரும்பினாள். பிறகு சரிசெய்தாள். மேனேஜர் போன் செய்தபோது, சின்னக் கோளாறு, பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

வேலையில்தான் முந்துகிறாள் என்று நினைத்திருந்தேன். இதிலுமா?

மறுநாள் மேனேஜரிடம் நானே உண்மையைச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். அவள் தயவில் இருக்கப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். அவர் திட்டவில்லை, ஃப்ளோவில் கைவைக்கும் அனுமதியை எடுத்துவிட்டார். இப்போது ஒரு எழுத்து மாற்றவும் அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டதுமே முகம் கோணாமல் செய்து தருகிறாள். நன்றி என்று டைப் செய்ய எனக்குத்தான் நேரமாகிறது.