மைனஸ் போட்ட பெப்ரவரி

இன்று காலை ஸ்காபரோவில் மழை. அதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். இது ஜனவரி மாதம். நான் இந்த ஊருக்கு வந்த காலத்தில் ஜனவரி என்றால் பஸ் தரிப்பில் நின்று மூக்கு இன்னும் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போது குடையைத் தேடுகிறோம். எங்கள் வீட்டில் பனி அள்ளுகிற சவள் மூன்று இருக்கின்றன. குடை ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு கம்பி உடைந்துவிட்டது.

நான் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மகள் குசினி மேசையிலிருந்து கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் ஏதோ கட்டுரை எழுதுகிறாள். வடக்கே, மரங்கள் குட்டையாகி முடிகிற பக்கத்தில், வெப்பமும் மழையும் இத்தனை வருடங்களில் எப்படி மாறின என்பது விஷயம். "அம்மா, லுக். இந்த இடத்தில விண்டரே கொஞ்சம் கொஞ்சமா வோர்ம் ஆகுது. ஸ்னோ விழ வேண்டிய டைமில ரெயின் வருது." திரையில் ஒரு கோடு மேலும் கீழும் துள்ளித் துள்ளி, மொத்தத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கோட்டின் கீழே எழுதியிருந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது.

சிரிக்காதீர்கள், உண்மையாகவே மணத்தது. தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்துநாலு வயதில், அந்த ஊரின் காலநிலைத் தாள்களைப் பெட்டி பெட்டியாகக் கொம்பியூட்டரில் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஹட்சன் குடாவுக்கு மேற்கே எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் ஒரு தனி மனிதர் மண்ணெண்ணெய் விளக்கோ அடுப்போ வைத்துக்கொண்டு எழுதிய தாள்கள். பெட்டியைத் திறந்தால் முதலில் அந்த மணம்தான் எழும்பும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது கனடாவிலும் துரத்திக்கொண்டு வந்தது வேடிக்கையாக இருந்தது.

நாங்கள் வேலை செய்த இடம் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு பிளாசாவின் மேல்மாடி. கீழே உடுப்புத் தோய்க்கிற கடை, அதனால் எங்கள் கந்தோர் எந்த மாரியிலும் கதகதப்பாக இருக்கும். வேலை சுலபம். ஒவ்வொரு நாளுக்கும் கூடிய வெப்பம், குறைந்த வெப்பம், மழை, பனி. அளக்க முடியாத அளவுக்குத் தூறினால் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்துப் போட்டிருப்பார். தூறலுக்கும் மரியாதை கொடுத்த அந்த மனிதரை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். பிறகு கொம்பியூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துவராத இடங்களைக் காட்டும். அந்த இடங்களை மட்டும் எங்கள் மேலாளர் டோரீன் மூலத்தாளோடு வைத்துப் பார்த்துத் திருத்துவார். ஜமேக்காவிலிருந்து வந்த பெரிய உருவம், பெரிய சிரிப்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி.

எனக்குச் சோடி பிலோமினா அக்கா. மன்னாரில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு வருடமாகக் காத்திருந்தார். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் அக்கா நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று கந்தோர் கடிதம் தர வேண்டும். ஒரு வருடம் முடியட்டும், தருகிறேன் என்று டோரீன் சொல்லியிருந்தார். அக்கா அந்த ஒரு வருடத்தைக் கலண்டரில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தார்.

அக்காவுக்குக் கண் சரியில்லை என்பதை நான் இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டேன். தாளைக் கைக்கெட்டிய தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பார், பிறகு மூக்கில் முட்டக் கொண்டுவருவார்.

"அக்கா, கண்ணாடி போடுங்கோவன்."

"சத்தம் போடாதை பிள்ளை. கண் பழுது எண்டு ஃபைலிலை ஏறினா, அவரின்ரை கேசுக்கு ஏதும் பிழைச்சுப்போடும்."

கண்ணாடிக்கும் குடிவரவுக் கந்தோருக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்கலாம். அப்போது எங்களுக்குத் தடிமன் பிடித்துத் தும்மினாலும் அது ஃபைலில் ஏறிவிடும் என்ற பயம். நானும் ஓம் என்று தலையாட்டினேன். அதோடு நிற்காமல், தாளை மெல்லிய குரலில் வாசிக்கவும் தொடங்கினேன். நான் வாசிப்பேன், இரண்டு பேரும் அடிப்போம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி வாசிக்க நாலு பேர் எழுதிப் படித்த எங்களுக்கு அது களவு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தாளின் ஓரத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம் இருந்தது. அதை அடிக்க வேண்டாம் என்பது உத்தரவு. கொம்பியூட்டரில் அதற்கு இடமில்லை. ஆனால் நான் அதையும் வாசிப்பேன், அதுதான் எங்கள் பொழுதுபோக்கு. அன்னங்கள் வந்தன. தெற்குக் காற்று. நாய்க்குச் சுகமில்லை. அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டு, "பாவம், அதுக்கு என்னவாம்?" என்று கேட்பார். நான் அடுத்த நாள்களின் கட்டங்களைத் தேடி, நாய் இன்னும் சாப்பிடவில்லை என்று அறிவிப்பேன். நாற்பது வருடத்துக்கு முந்திய நாய்க்காக இரண்டு பேரும் கவலைப்படுவோம்.

அக்கா அதையெல்லாம் மரியதாஸ் அண்ணைக்குக் கடிதத்தில் எழுதினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தனி அறையும் அழுகையும் தவிர எழுத அவரிடம் வேறென்ன இருந்தது?

எங்கள் சோடிக்கு ஒத்துவராத இடம் ஒன்றுகூட வருவதில்லை. டோரீன் மகிழ்ந்து ஒரு பெட்டி டோனட் வாங்கித் தந்தார். நாங்களும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம்.

பிறகு எனக்குத் தொண்டை கட்டியது. குரல் சுத்தமாக இல்லை. "இண்டைக்கு நான் வாசிக்கிறன்" என்றார் அக்கா. அவர் வாசித்தார், நான் தாளைத் திரும்பியும் பாராமல் அடித்தேன். அது ஒரு பெப்ரவரி மாதம். எண்களுக்கு முன்னால் பென்சிலால் மெல்லிசாகப் போட்டிருந்த மைனஸ் கோடுகள் அக்காவின் கண்ணுக்குத் தெரியவில்லை. பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு, நாற்பது என்று உறைந்து கிடந்த ஒரு மாதத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உருக்கிவிட்டோம். பழைய பாரன்ஹீட் கணக்கில் நாற்பது என்றால் கூரையெல்லாம் சொட்டும். இரண்டு பேருடையதும் அச்சுப்போல ஒத்துப்போனதால் கொம்பியூட்டர் வாயே திறக்கவில்லை.

அந்த வடக்கில் பெப்ரவரியில் நாற்பதா என்று கண்டுபிடித்தவர் டோரீன். எங்களைக் கூப்பிட்டு அந்தத் தாளை மேசையில் வைத்தார். இரண்டு பேரும் பிழை விடலாம், ஒரே பிழையை இருபத்தெட்டு நாளும் எப்படி விட்டீர்கள் என்று கேட்டார். அக்காவின் கடிதத்துக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது. நான் கரகரத்த குரலில், நான்தான் வாசித்தேன், என் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "பொய் சொல்லாதை பிள்ளை. உனக்கும் வேலை போகும்." பிறகு டோரீனைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கண் தெரியாததையும் கண்ணாடி போடாததன் காரணத்தையும் லொட்ஜில் இருக்கிற மனுசனையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். சொல்லி முடிந்ததும் அழுதார். நானும் அழுதேன். குரல் இல்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டோரீன் எழுந்து வந்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, தன் கண்ணாடியை அக்காவின் மூக்கில் வைத்து, தாளைக் கையில் கொடுத்தார். அக்கா குனிந்து பார்த்தார்.

"என்ரை மாதாவே, இவ்வளவு கோடே!"

தண்டனை இதுதான்: இதுவரை அடித்த அந்த ஊர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும், அறையின் இரண்டு மூலைகளில் இருந்து. அது முடிந்த பிறகுதான் கடிதம். அக்கா பஸ் ஏறிப்போய்ப் புதுக் கண்ணாடி எடுத்தார். ஃபைலில் ஒன்றும் ஏறவில்லை. ஆறு கிழமை எடுத்தது. எனக்கு ஒன்றாகத் தெரிந்தது அவருக்கு ஏழாகத் தெரிந்தது, ஒத்துவராத இடங்கள் ஏராளம். டோரீன் பட்டியலைப் பார்த்துச் சிரித்து, இப்போது நம்புகிறேன் என்று சொல்லிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மரியதாஸ் அண்ணை அடுத்த ஆகஸ்ட்டில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நாங்கள் வேர்த்து வழிந்துகொண்டு நிற்க, அவர் இரண்டு சுவெற்றரும் காதை மூடும் தொப்பியுமாக வந்தார். மூன்றரை வருடத்துக்குப் பிறகு மனைவியைக் காண்கிற மனுசன் முதலில் கேட்டது இதுதான்: "உங்கட ஆறு உடைஞ்சிட்டுதோ?"

பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்குகிற நாளும் அந்தக் குறிப்புக் கட்டத்தில்தான் இருந்தது. பாவம், அண்ணை அந்த ஆற்றங்கரையில்தான் அக்கா குடியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். கடிதங்கள் எங்கே என்று அக்கா கேட்டார். லொட்ஜிலேயே எரித்துவிட்டாராம். அன்னம் வந்தது, ஆறு உடைந்தது, நாய் சாப்பிடவில்லை என்று திகதியும் போட்டு எழுதிய கடிதங்களைச் சோதனைச்சாவடியில் கண்டால் சங்கேதம் என்று நினைக்காமல் யார்தான் சும்மா விடுவார்கள்?

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "வெயிட் அம்மா. ஆறு உடைஞ்ச டேற் இருந்ததா? ஒவ்வொரு வருசமும்? எனக்கு அதுதான் வேணும். எங்கயும் இல்ல."

அந்தக் கந்தோர் இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். பெட்டிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது, டோரீன் எங்கே என்றும் தெரியாது. ஒஷாவாவில் இருக்கிற அக்காவுக்குத்தான் ஃபோன் எடுத்தேன். அண்ணை காலமாகி மூன்று வருடம். அக்கா தனியாக இருக்கிறார்.

"அக்கா, உங்கட பெப்ரவரியை மகள் கொம்பியூட்டரிலை காட்டினவள். எல்லா மைனஸும் அப்பிடியே கிடக்குது."

"உண்மையே?" என்று சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார். "இஞ்சை மழை பெய்யுது பிள்ளை. அந்தப் பெப்ரவரியாவது குளிரா இருக்கட்டும்."

ஆறு உடைந்த நாள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, ஒரு வருடத்தினது என்றாலும் போதும் என்று கேட்டேன். மகள் பேனாவோடு காத்திருந்தாள். மழைச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது.

"ஆறு உடைஞ்ச அண்டைக்குத்தான் நாய் எழும்பிச் சாப்பிட்டது. அது நல்லா ஞாபகம். அவருக்கும் எழுதினனான்." ஒரு பெருமூச்சு. "திகதி மறந்துபோனன் பிள்ளை."