யூலா தினமும் கேட்ட பாட்டு

கென்டக்கி மலைப்பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ரேடியோ நிலையத்துக்கு யூலா நேப்பியரின் போன் வந்தால் மணி பத்து என்று அர்த்தம். போனை எடுப்பதும் பாட்டை அறிவிப்பதும் நான்தான். எட்டு வருஷமாக அவள் கேட்டது ஒரே பாடகரை, ஹோபர்ட் டாக்கெட்டை.

"ட்ரீமா, இன்னிக்கு ஃபீல்ட்ஸ் வீட்டுக்காரங்களுக்குப் போடும்மா. லாரல் ஓடையிலேர்ந்து யூலா கேட்டதாச் சொல்லு."

"ஏன் யூலாக்கா, அந்த ஹோபர்ட் உங்களைக் கட்டிக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்காரா?"

"கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

மறுநாள் கோல்வின் வீடு, அதற்கடுத்த நாள் பேட்ரிக் வீடு. அக்கம்பக்கத்துப் பதினோரு வீட்டுப் பெயரும் முறைவைத்து வரும், நானும் ஒப்பிப்பேன். லாரல் ஓடைக்காரர்கள் எவ்வளவு ஒட்டும் உறவுமாக இருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பொறாமை. என் வீட்டில் நானும் டிவியும்தான்.

போன அக்டோபரில் ஹோபர்ட் இறந்துபோனார். மறுநாள் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை ரசிகர்கள் போனில் நினைவுகளைச் சொல்லலாம் என்று முதலாளி அறிவித்தார். இணையத்திலும் ஒலிபரப்பு உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் கேட்கலாம்.

அடேயப்பா, மனிதர்களுக்கு எத்தனை வாய்! ஒருவர் வீட்டில் ஹோபர்ட் மூன்று தட்டு பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டாராம். இன்னொருவர் அவர் கிதாருக்குக் கம்பி மாட்டிக் கொடுத்தாராம். மர ஆலை ஆர்லிஸ் சண்டைக்கே வந்துவிட்டார். "நம்ம மலைப்பாட்டுக்குப் பின்னால வயலின் கும்பலை உக்கார வச்சாரே, அன்னிக்கே எனக்கு அந்தாளு செத்தாச்சு. இப்ப என்ன புதுசா அழுகை?" அவருக்குப் பதில் கொடுக்க இருபது பேர் முண்டியடித்தார்கள். யூலா கூப்பிடவே இல்லை என்பது பதினொன்றரைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பன்னிரண்டுக்கு இரங்கல் அறிவிப்பு தொடங்கிவிட்டது. யார் போனார்கள், எந்தச் சர்ச்சில் அடக்கம் என்பதை எங்கள் மாவட்டத்தில் ஒரு நிமிஷம் தள்ளிப்போட ஆளுநருக்கே அதிகாரம் கிடையாது. அப்போதுதான் யூலா வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நீல உடை. தபால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். எழுபது வயதிருக்கும். அவள் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன், குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"காலையிலேர்ந்து டயல் பண்றேன், லைனே கெடைக்கல. ஒரே நிமிஷம் பேசிக்கிறேனே? இன்னிக்கு வேலை தேடி ஒஹாயோ போன நம்ம சனமெல்லாம் கேட்டுட்டிருக்கும். எங் குரலைக் கேட்டா யாராச்சும் கூப்பிடுவாங்க."

"முடிஞ்சுபோச்சேக்கா."

அவள் அழவில்லை. கைப்பையைக் கைமாற்றிக்கொண்டு "சரி" என்றாள்.

என் காரில் கொண்டுபோய் விட்டேன். ஓடையோரம் நெடுக வீடுகள். படிகளை மூடிக் கொடி படர்ந்திருந்தது, கதவெல்லாம் பூட்டு.

"இதுதான் ஃபீல்ட்ஸ் வீடு. நிலக்கரிச் சுரங்கத்தை மூடினதும் மொதல்ல போனது இவங்கதான்," என்றாள். "அது கோல்வின்."

"காலி வீட்டுக்கா எட்டு வருஷமா பாட்டுப் போட்டேன்?"

"நீ பேரைச் சொல்லுவியே ட்ரீமா. அப்ப அவங்கள்லாம் இங்கயே இருக்கிற மாதிரி இருக்கும்."

கடைசி வீடு அவளுடையது. வாசலில் ஒரு நாற்காலி.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வரவில்லை. வயலின் இல்லாத ஹோபர்ட் பாட்டாகத் தேடி எடுத்தேன். "இந்தப் பாட்டு லாரல் ஓடை யூலா நேப்பியருக்காக" என்று அறிவித்தேன். அவளுக்கென்று ஒருத்தரும் ஒருநாளும் பாட்டுக் கேட்டதில்லை.

பாதிப் பாட்டில் போன் அடித்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ட்ரீமா! யாரு கேட்டாங்க? ஃபீல்ட்ஸா? ஒஹாயோலேர்ந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் ஹோபர்ட்டைப் பற்றி ஊரே நாலு மணி நேரம் அளந்ததுதானே. எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான்க்கா."

அந்தப் பக்கம் அவள் வீட்டு ரேடியோவில் ஹோபர்ட் பாடுவது கேட்டது.

"ஓ, நீயா," என்றாள். "பரவால்ல கண்ணு. பாட்டு நல்லாத்தான் இருக்கு."