மற்றக் கட்சியின் மண்டபத்தில் என் புள்ளடி

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் ஒரு சொல் குடியிருந்தது. துரோகம். கணவர் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு அது தானாகவே குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்து திரிந்தது. தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிள்ளையின் கம்பளிச் சட்டையை மடிக்கும்போது கைக்குள் தட்டுப்பட்டது. இன்று எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்தச் சொல்லை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஓம், செய்தேன். திரும்பவும் செய்வேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில் நாங்கள் இருந்த வீதி முழுக்கத் தொழிற்சாலைக்காரர்கள். காலை ஏழு மணிக்கு முன்னரே வீதி வெறுமையாகிவிடும். நான் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தேன். பக்கத்து மெஷினில் ஒரு கிரேக்கப் பெண், என் வயதுதான். என்னுடையது புத்தக ஆங்கிலம், அவளுடையது தொழிற்சாலை ஆங்கிலம். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம் வரும்.

ரயில் பாதைக்கு அப்பால், மாணவர் குறைந்து மூடிப்போன பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அரசாங்கத்தின் கட்டடம். அதில் இரண்டு அறைகளைக் கேட்டு வாங்கி, தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து குழந்தைகளைப் பார்க்கும் இடமாக்கியிருந்தோம். தொட்டில்கள் வந்தன, ஒரு குளிர்பெட்டி வந்தது, கரும்பலகையை யாரும் கழற்றவில்லை. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அந்தக் கரும்பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலில் எழுந்து நின்றாள். அந்த அறை இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால், நாள் முழுக்க யன்னலுக்கு வெளியே ஒரே வேலியைப் பார்த்துக்கொண்டு நான் இருப்பேன். அந்த வேலியை எனக்கு நன்றாகத் தெரியும். மகள் பிறந்த பிறகு நாலு மாதம் அதைப் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு தரகர் பாராளுமன்றத்துக்குப் போக ஆசைப்பட்டார். வீடு காணி விற்பவர், தடித்த கழுத்து, கடைத்தெருவில் எல்லோருக்கும் கையசைப்பவர். பழைய பள்ளிக்கூடத்தை விற்பதுதான் தன் முதல் வேலை என்று சொல்லித் திரிந்தார். வந்தேறிகளின் மனைவிமார் வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கட்டும் என்பதும் அவர் சொன்னதுதான். உள்ளூர்ப் பத்திரிகையில் சிரித்த முகத்தோடு படம் வந்தது.

அவருக்கு எதிராக வாக்குப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போடலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வந்த எங்களை பிரித்தானிய முடியின் குடிகளாக எண்ணி, ஆறு மாதத்திலேயே வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் தொகுதி எல்லை கீறியவர்கள் எங்கள் நாலு வீதிகளையும், பெரிய வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த ஒரு நீண்ட நிலத்தின் வாலில் ஒட்டவைத்திருந்தார்கள். அங்கே தரகரின் கட்சி நிறுத்தும் ஆள்தான் வெல்லுவார். எப்போதும். தொழிலாளர் பக்கம் நின்ற எங்கள் கட்சிக்காக நானும் கணவரும் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று, யாருக்கு எந்த இலக்கம் போடுவது என்று காட்டும் வாக்கு அட்டை கொடுத்திருக்கிறோம். சனம் வாங்கி, மடித்து, உள்ளே போய் மற்றவர்களுக்குப் போட்டது. உண்மையான தேர்தல் வேறு இடத்தில் நடந்தது: அந்தக் கட்சியின் மண்டபத்தில், எழுபது பேருக்குள், யாரை நிறுத்துவது என்று அவர்கள் தீர்மானிக்கும் மத்தியானத்தில்.

சாப்பாட்டு நேரத்தில் கிரேக்கப் பெண் ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டுக் கேட்டாள், அப்படியானால் நாம் ஏன் அந்த எழுபது பேரில் இல்லை என்று.

அவ்வளவுதான் தொடக்கம்.

கணவர் யூனியன்காரர், எங்கள் கட்சியின் உறுப்பினர். நான் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"நீர் என்ன விசர் வேலை பாக்கிறீர்?"

"அந்தாளை நிப்பாட்டப் போறன். அதுக்கு அங்கைதான் போகவேணும். இஞ்சை இருந்து ஏலாது."

"நாளைக்கு யூனியன் ஆக்களின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"என்ர பிள்ளையை எங்கை விடுறது எண்டு உங்கட யூனியன் ஆக்கள் வந்து சொல்லட்டும்."

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

சேருவதற்கு ஒரு பழைய உறுப்பினர் முன்மொழிய வேண்டும். தமிழரில் அந்தக் கட்சியில் இருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: கொழும்பில் கணக்காளராக இருந்து வந்த ஒரு அங்கிள், ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுபவர். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட மனுசன் சிவப்புக்காரன் எல்லே?"

"அவர் சிவப்பு, அங்கிள். படிவத்தில என்ர பேர்தானே கிடக்கு."

"தேர்தலிலை எங்களுக்குத்தான் போடுவன் எண்டு சொல்லும், கையெழுத்து வைக்கிறன்."

"அது மாட்டன். இந்த ஒரு மண்டபத்தில மட்டும்."

படிவத்தை மேசையில் வைத்தார். பிறகு பேனை மூடியைத் திறந்தார். அந்தத் தரகரிடம் முன்னொரு நாள் வீடு பார்க்கப் போனாராம். வாசலிலேயே, அது விற்றுப்போய்விட்டது என்று தரகர் சொன்னாராம். இரண்டு மாதமாகியும் 'விற்பனைக்கு' என்ற பலகை அதே வீட்டின் முன்னால் நின்றதாம். இதைச் சொன்னபோது அங்கிள் டையை ஒருமுறை சரிசெய்தார். ஆறு படிவங்களில் கையெழுத்து வைத்துத் தந்தார்: எனக்கும், கிரேக்கப் பெண்ணுக்கும், தையல் வரிசையில் இன்னும் நாலு பேருக்கும்.

படிவத்தில் வேறு கட்சியில் உறுப்பினரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன்; உண்மை. கட்சியின் நோக்கங்களை மதிக்கிறேன் என்று ஒரு வரி. மதித்தேன், தூரத்தில் நின்று.

வாக்குப் போட முன் மூன்று மாதம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் ரீச்சர். இருக்கை உறைக்கு வெட்டி மிஞ்சிய வினைல் துண்டுகளில் சோக்கால் மூன்று பெட்டி கீறி, ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கம் போடப் பழக்கினேன். மூன்று பேர் போட்டியிட்டார்கள்: தரகர், ஒரு இளம் வழக்கறிஞர், த பேசின் என்ற மலையடி ஊரின் பக்கத்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்து விற்றுவிட்டு வந்த ஒரு கிழவர். எல்லாப் பெட்டியிலும் இலக்கம் வரவேண்டும், ஒன்று குறைந்தாலும் வாக்குச் செல்லாது. எங்கள் ஊர் மாதிரி ஒரே பெட்டியில் X என்று புள்ளடி போட்டால் குப்பைக்குத்தான் போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கிரேக்கப் பெண் சலித்துப்போனாள். தனக்குப் புள்ளடியே தெரியாது, நீதான் ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்துகிறாய் என்றாள்.

குளிர்காலச் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. மண்டபத்தில் நனைந்த கம்பளி வாசம், மண்ணெண்ணெய் ஹீற்றர் வாசம், சுவரில் மகாராணி. நாங்கள் ஆறு பேரும் ஒரே வரிசையில் இருந்தோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் காலியாக இருந்தன. அங்கிள் முன்வரிசையில், திரும்பிப் பார்க்காமல்.

ஆப்பிள் கிழவர் பேசினார். வேலைநிறுத்தம் செய்பவர்களைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்றார். யூனியன்களின் பல்லைப் பிடுங்கவேண்டும் என்றார். என் கணவரின் முகம் ஞாபகம் வந்தது. பிறகு, போகிற போக்கில், பள்ளிக்கூடத்தை விற்கமாட்டேன் என்றார். குழந்தைகளைத் தெருவில் விட்டுக் காசு சேர்க்கும் அளவுக்கு நாம் பஞ்சப்பட்டவர்கள் இல்லை என்றார். அந்த ஒரு வசனத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விழுங்கினேன். கசப்பு மருந்தைப் பிள்ளை விழுங்குவது மாதிரி இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ருசி தெரிந்து விழுங்கினேன்.

தரகர் பேசும்போது எங்கள் வரிசையையே பார்த்தார். இன்றைக்கு மண்டபத்தில் புதிய வாசனைகள் வீசுகின்றன என்றார். சிலர் சிரித்தார்கள். என் காதுமடல் சுட்டது. அந்தச் சூட்டோடுதான் எழுந்து போனேன், பென்சிலை எடுத்தேன், மடித்தேன், பெட்டியில் போட்டேன்.

எண்ணினார்கள். வழக்கறிஞர் வெளியேற, அவருடைய சீட்டுகளை இரண்டாம் இலக்கப்படி பிரித்துப் போட்டார்கள். தேர்தலை நடத்தியவர் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், ஒவ்வொரு சீட்டையும் காற்றில் தூக்கிக் காட்டுவார். முடிவில் தரகருக்கு முப்பத்து நாலு, கிழவருக்கு முப்பத்து நாலு. செல்லாதது ஒன்று. அதையும் தூக்கிக் காட்டினார்.

கிழவரின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி. மற்ற இரண்டு பெட்டியும் வெறுமை. இரண்டாவது கோடு நீண்டு, நுனியில் சற்று வளைந்திருந்தது.

என் புள்ளடி. ஊரில் இரண்டு தேர்தலில் போட்ட அதே கை, அதே வளைவு. ஐந்து பேருக்கு மூன்று மாதம் படிப்பித்த ரீச்சரின் கை. கிரேக்கப் பெண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.  

சமநிலை என்றால் இருவருக்குமிடையே திரும்ப வாக்கெடுப்பு என்று மனேஜர் விதியை வாசித்தார். அதற்குப் புதுச் சீட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தபோது தரகரின் நண்பர் ஒருவர் எழுந்தார். என்னை நோக்கி விரலை நீட்டினார். போன தேர்தலில் இந்தப் பெண் வாசலில் நின்று மற்றவர்களின் அட்டையைக் கொடுத்தாள், நான் என் கையால் வாங்கினேன், இவளை வெளியே அனுப்புங்கள் என்றார். மண்டபம் திரும்பியது. அங்கிள் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

மறுத்திருக்கலாம். எங்கள் முகங்களை அவர்களுக்கு அடையாளம் பிரிக்கத் தெரியாது. அது நான் இல்லை என்றால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். ஆனால் ஒரு வாக்கை ஏற்கெனவே வீணாக்கிவிட்டேன். எழுந்து நின்றேன். என் புத்தக ஆங்கிலம் அன்றைக்கு நடுங்கவில்லை.

"ஆம், கொடுத்தேன். அடுத்த தேர்தலிலும் கொடுப்பேன். நான் வேறு கட்சியில் உறுப்பினரா என்று உங்கள் படிவம் கேட்டது. இல்லை. வாசலில் யாருடைய அட்டையைக் கொடுத்தாய் என்று அது கேட்கவில்லை. என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடை பழகுகிறாள். அதற்காக வந்தேன். வாக்குப் போடாமல் போகமாட்டேன்."

யாரோ வெட்கக்கேடு என்றார்கள். மனேஜர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். திரும்ப முன்பக்கத்திலிருந்து புரட்டினார்.  கடைசியில், இவர் உறுப்பினர், சந்தா கட்டியவர், வாக்கு உண்டு என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்.

இரண்டாம் முறை பென்சிலை எடுத்தபோது, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதினேன். ஒன்று. பிறகு இரண்டு. மடிக்க முன் ஒரு தடவை பார்த்தேன்.

கிழவருக்கு முப்பத்தாறு, தரகருக்கு முப்பத்து மூன்று. என் வாக்குச் சேர்ந்தாலும் முப்பத்தைந்துதான் வரவேண்டும். யாரோ ஒருவர் மாறியிருந்தார். யார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரின் பேச்சைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புள்ளடிக் கதைக்கு வந்ததும் அவர் தோள் குலுங்கியது.

"ஊருக்கெல்லாம் படிப்பிச்சுப்போட்டு நீரே புள்ளடி போட்டீரோ?"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். அந்தச் சொல் அத்தோடு வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் கொஞ்சம் ஒதுங்கி இருக்கப் பழகியது.

சில மாதத்தில் தேர்தல் வந்தது. அதே வாசல், அதே வெயில், எங்கள் கட்சியின் அட்டைக் கட்டு என் கையில். கணவர் மறுபக்கக் கதவில். ஆப்பிள் கிழவர் வந்தார், என்னைக் கண்டு நின்றார், அட்டைக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார். என்னை உள்ளே விட்டவளும் நீ, வெளியே தள்ளுகிறவளும் நீயா என்று கேட்டார்.

ஆம் என்றேன். பள்ளிக்கூடத்தில் கை வைத்தால் மறுபடி உங்கள் மண்டபத்துக்கு வருவேன் என்றும் சொன்னேன். அவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு என் வாக்கைப் போட உள்ளே போனேன். எங்கள் அட்டை, போட்டியிட்ட நாலு பேரில் எங்கள் ஆளை ஒன்றிலும் கிழவரைக் கடைசியிலும் போடச் சொன்னது. நாள் முழுக்க அதைத்தான் நான் சனத்தின் கையில் திணித்திருந்தேன். ஒன்றை எங்கள் ஆளுக்குப் போட்டேன். இரண்டைக் கிழவருக்கு. நிதானமாக, வளைவில்லாமல்.

வெளியே வந்து, மிச்ச அட்டைகளையும் கொடுத்து முடித்தேன்.