ரேடியேட்டரில் குறையாத தண்ணீர்

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். என்ஜின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, வளைவு போகச் சீவி மட்டம் பிடித்து, இடையில் புதுக் கெஸ்கட் போட்டுப் பூட்டி அன்றோடு நான்கே நாள். தண்ணீர் கலந்தால்தான் ஒயில் அப்படி வெளுக்கும். ஹெட் வேலை முடிந்த கையோடு வெளுத்தால், கல்முனையில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ஹெட் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

வேன் என் மூத்த சகோதரி ராத்தாவுடையது. மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய பழைய டீசல் வேன். ராத்தா டிரைவர் ஒருவரை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒருநாள் பிள்ளைகளோடு நடுச்சந்தியில் கொதித்து நின்றது. கெஸ்கட் போய்விட்டது, ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது. அதைப் பாண்டிருப்பில் லேத் பட்டறை வைத்திருக்கும் தமிழ் அண்ணன் ஒருவரிடம் கொடுத்துத்தான் மட்டம் பிடித்தேன்.

பதினைந்து வருடமாக என் கராஜிலிருந்து போகும் எல்லா ஹெட்டும் அவரிடம்தான் போகும். ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பிப் போனதில்லை. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு எனக்கு மட்டாகக்கூட இருக்கவில்லை. வெளுத்த ஒயிலை ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனேன். அங்கே வேறு கராஜ்காரர்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் போத்தலை மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சதா தம்பி?"

"கதைய மாத்தாதீங்கண்ணன். புள்ளயளோட வேன் திரும்ப ரோட்டுல நிக்கப்போகுது. உங்களுக்கு ஏலாட்டி மிசின மூடிற்று வீட்ட இரிங்க!"

அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தேன்.

ஹெட்டை மறுபடி கழற்றி அக்கரைப்பற்றில் வேறொரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே காற்று அடித்துப் பார்த்தார்கள். வெடிப்பு இல்லை, மட்டமும் பிசகவில்லை. "இத ஆர் பிடிச்ச? நல்ல வேல" என்றும் சொன்னார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. கெஸ்கட்தான் மோசம் என்று இன்னொன்று வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் ஒயில் மறுபடி வெளுத்தது.

இதற்கிடையில் என் சொல் ஊரைச் சுற்றிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒருவர், "அவங்கட ஆக்கள்ற வேல அப்பிடித்தான்" என்றார். நான் ஒரு ஹெட்டைப் பற்றிச் சொன்னேன்; அது ஒரு சனத்தையே சொல்கிற பேச்சாகிவிட்டது. வாயைத் திறந்து மறுத்திருக்கலாம். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். லேத் கடையில் கத்தியதைவிட அந்த மௌனத்துக்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மூன்றாம் முறை ஹெட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்த பிறகுதான் அவருடைய கேள்வி நினைவுக்கு வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கழுத்து மட்டத்தில் நின்றது. டிரைவரைக் கேட்டேன். ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்று சத்தியம் பண்ணினான். ஹெட் வழியாக ஒழுகினால் ரேடியேட்டரில் குறைய வேண்டும். அங்கே குறையவில்லை என்றால் ஒயிலுக்குள் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒயிலை மாற்றி, வேனைக் கராஜிலேயே இரண்டு நாள் வைத்திருந்தேன். மருதமுனைக்கும் காரைதீவுக்கும் மாறி மாறி ஓட்டினேன். ஒயில் வெளுக்கவேயில்லை. அப்படியென்றால் வேன் வீட்டில் நிற்கும்போதுதான் தண்ணீர் கலக்கிறது. மூன்றாம் நாள் பின்னேரம் ராத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே அங்கே நடந்தேன்.

வேனின் முன் சீட் தூக்கியிருந்தது. ராத்தா தொழுகை உடுப்போடு என்ஜின் மேல் குனிந்து, ஒயில் ஊற்றும் துவாரத்துக்குள் ஒரு கிளாஸ் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். உதடு முணுமுணுத்தது.

"ராத்தா! என்னா செய்யிறீங்க?"

"யா அல்லாஹ், பயந்திட்டன்டா. ஓதின தண்ணி தம்பி. கண்ணூறு பட்டுத்தானே அண்டைக்கு வேன் கொதிச்சு நிண்டது. புள்ளயள ஏத்துற வேன். அதான் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதி, இடைக்கிட ஊத்துறன்."

"ஊத்துறதெண்டா ரேடியேட்டர் இரிக்கே!"

"நீதானே சொன்ன, அந்த மூடியத் தொடாதீங்க, கை வெந்திரும் எண்டு. அதான் இதத் தொறந்தன்."

நான் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டேன். திட்டுவதற்கு ஆளில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஓதியவரை எப்படித் திட்டுவது? "ஓதுங்க ராத்தா, நல்லா ஓதுங்க. உள்ளுக்கு மட்டும் ஊத்தாதீங்க" என்றேன். அவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளிறிப்போனது. "அப்ப அந்த லேத் மனிசன்?" என்று கேட்டார்.

உடுப்பு மாற்றாமல் பாண்டிருப்புக்குப் போனேன். கடை திறந்திருந்தது. ஹெட் பிடிக்கும் மிசின் படங்கு போட்டு மூடிக் கிடந்தது. நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். "பிழை முழுக்க என்டதான் அண்ணன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நீ வந்துபோன நாள்ல இருந்து நான் ஹெட் பிடிக்கிறதில்ல தம்பி. கண் மங்கிற்று எண்டு நினைச்சு மட்டக்களப்புக்குப் போய்க் காட்டினன். கண்ணுல பிழையில்ல எண்டு டொக்டர் சொன்னவர். அப்ப கையிலதான் பிழையாக்கும் எண்டு விட்டிற்றன்."

திட்டு வாங்கத் தயாராகப் போனவன் நான். அவர் என் சொல்லை நம்பியிருப்பார் என்று ஒருபோதும் நினைக்கவில்லை.

அன்றைக்கே தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். ராத்தாவின் தண்ணீர்க் கதை பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன்னே ஊர் முழுக்கப் போய்ச் சிரிப்பாகிவிட்டது. லேத்காரர் மேல் பிழையில்லை என்பதைத்தான் ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது அவர் மறுபடி ஹெட் பிடிக்கிறார். வேலை முடிந்ததும் இரும்பு மட்டக்கோலை மேலே வைத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பார்ப்பார். பிறகு கோலை என் கையில் தருவார்.

"நீயும் ஒருக்காப் பாரு தம்பி."

தேவையில்லை என்றால் விடமாட்டார். நான் குனிந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஹெட்டைத் தரமாட்டார். இதுவரை மயிரிழைகூடப் பிசகியதில்லை. ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.