முப்பத்தைந்துக்கு நாலு குறைச்சல்

பாஸ் ஆனவர்களை மேடையேற்றிக் கைதட்ட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பெயில் ஆனவர்களிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆள் நான். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர். தனித்தேர்வர் விண்ணப்பம், துணைத் தேர்வு விண்ணப்பம், விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாவற்றுக்கும் எங்கள் பள்ளிதான் சேவை மையம். மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், போட்டோ எடுக்க ஒரு குட்டி கேமரா, அப்புறம் கோபக்காரன் என்று பெயர் வாங்கிய நான்.

உங்களுக்குத் தெரியாததா என்ன? நீங்களோ உங்கள் பிள்ளையோ மச்சினனோ என்றைக்காவது இப்படி ஒரு ஜன்னலில் வேர்க்க விறுவிறுக்க நின்றிருப்பீர்கள். "ஒரிஜினல் மார்க் ஷீட் எங்கய்யா?" என்று உள்ளே இருந்து ஒருத்தன் எரிந்து விழுந்திருப்பான். அது நானாகவும் இருந்திருக்கலாம். இப்போது மன்னித்துவிடுங்கள்.

லேமினேஷன்

எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் கன்னியம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கணவர் இதே பள்ளியில் வேலை பார்த்து இறந்துபோக, கருணை அடிப்படையில் அந்த வேலை இவருக்கு வந்தது. மணி அடிப்பது, பொதுத் தேர்வு வந்தால் வினாத்தாள் கட்டு தூக்குவது, விடைத்தாள் கட்டு இறக்குவது எல்லாம் அக்காதான். மாடி இரண்டு, லிஃப்ட் கிடையாது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். பதிவறை எழுத்தராகப் பதவி உயர்வு கிடைத்தால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும். அக்கா அந்தக் காலத்தில் கணக்கில் மட்டும் பெயில். பதவி உயர்வுப் பட்டியல் அந்த வருஷம் தயாராகிக்கொண்டிருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஓய்வு பெறும்வரை இந்த முட்டியோடு மாடி ஏற வேண்டியதுதான்.

ஒரு நாள் பார்க்கிறேன், அலுவலகத்துக்குள் நேராக வரக்கூடிய ஆள், வெளியே ஜன்னல் வரிசையில் நாலாவது ஆளாக நிற்கிறார். தன் முறை வந்ததும் பழைய மார்க் ஷீட்டை நீட்டினார். பளபளவென்று லேமினேஷன் பண்ணியிருந்தது. கணக்குக்கு நேரே இருபத்திரண்டு. பாஸ் ஆன பாடம் பாஸ் ஆனதுதான், கணக்கு மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "பெயில் ஆன மார்க் ஷீட்டை யாராவது லேமினேஷன் பண்ணுவாங்களா அக்கா?" என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாஸான நாலு பாடமும் அதுலதானே சார் கீது."

மாடியில் நிற்கிறவன்

படாளத்தில் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டும் ஒருவர், பையனை இழுத்துக்கொண்டு வந்தார். பையன் பிளஸ் டூவில் எல்லாப் பாடமும் பாஸ். காலேஜில் இடமும் கிடைத்தாயிற்று. சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிளஸ் ஒன் கணக்கில் அவனுக்கு அரியர். பிளஸ் டூ பாஸ் பண்ணினால் கீழே இருப்பதெல்லாம் தானாக அடிபட்டுப் போய்விடும் என்று அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நம்பிவிட்டார்கள். இந்த நம்பிக்கையோடு வருஷத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் வருவார்கள். இப்போது பிளஸ் ஒன் பொதுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பாக்கி வைத்திருப்பவன் எழுதித்தான் தீர வேண்டும்.

மூன்று தடவை விளக்கினேன். நாலாவது தடவை குரலை உயர்த்தினேன். பையன் அந்தத் துணைத் தேர்விலேயே பாஸ் ஆகி, காலேஜிலும் சேர்ந்துவிட்டான், அது வேறு விஷயம். அன்றைக்கு அந்த அப்பா என் முகத்துக்கு நேரே கேட்டது இதுதான்.

"இன்னா சார் நாயம் இது? மாடில நின்னுகினு கீறவன கீய இட்டாந்து, நீ இன்னும் படியே ஏறலன்னு சொல்றீங்க."

தினம் போகிற வழி

மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் விடுகிற ஒரு பையன். வெளிநாட்டுக்காரர்களோடு கூடவே சைக்கிள் மிதித்துப் போய் ஊரைச் சுற்றிக் காட்டுவான். இங்கிலீஷ் பொளந்து கட்டுவான். பிளஸ் டூவில் அவன் பெயில் ஆனது ஒரே பாடம், இங்கிலீஷ். முதலில் விடைத்தாள் நகல் வாங்கு, பார், அப்புறம்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், மார்க் ஏறலாம், இறங்கவும் செய்யலாம் என்றெல்லாம் சொல்லி விண்ணப்பம் போட்டேன்.

நகல் வந்தது. ஜன்னலிலேயே நின்று படித்தான். சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு விளம்பரம் எழுதச் சொன்ன கேள்வி. இவன் ஊரில் இருக்கிறபடியே எழுதி வைத்திருக்கிறான். மத்தியானம் வராதீர்கள், பாறை கால் சுடும், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள் என்று. அஞ்சுக்கு ரெண்டு. மறுமதிப்பீட்டில் மற்ற கேள்விகளில் மார்க் ஏறி ஒரு வழியாகப் பாஸ் ஆனான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவனுக்கு மனசு ஆறவில்லை.

"அந்த ரூட்ல நான் தெனம் ஆள் இட்டுனு போறேன் சார். திருத்துனவர ஒரு தபா வந்து பாக்க சொல்லுங்க."

மார்க் இல்லாத பாஸ்

கொரோனா வருஷத்தில் பத்தாவது படித்தவர்களை எல்லாம் பாஸ் போட்டார்கள், ஞாபகம் இருக்கும். சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் இருக்கும், மார்க் இருக்காது. அந்த வருஷத்துப் பையன் ஒருத்தன், மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு நேரே என்னிடம் வந்தான். மார்க் எவ்வளவு என்று கேட்டார்களாம். மார்க் போட்டுக் கொடுங்கள் என்கிறான். நான் எங்கே போய்ப் போடுவேன்? அந்த வருஷம் எல்லாருக்கும் அப்படித்தான் தந்தார்கள் என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். வேலை கிடைத்துவிட்டது. கடிதத்தை வாங்கும்போது அவன் சொன்னதுதான் பாவமாக இருந்தது.

"பெயிலானவனுக்குக் கூட ஒரு மார்க் கீது சார். எனக்கு அதுவும் இல்ல."

பையில் இருந்த கிராஃப்

அக்கா கதைக்கு வருகிறேன். வேலை பார்க்கிற பள்ளியிலேயே எழுத விட மாட்டார்கள் என்பதால் மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் அவருக்கு மையம் போட்டிருந்தார்கள். எங்கள் கணக்கு டீச்சர் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். கிராஃபையும் ஜாமெட்ரியையும் விடாதீங்க, ரெண்டும் சேர்ந்து பதினாறு மார்க், மீதி பத்தொன்பதை அங்கே இங்கே பொறுக்கிக்கலாம். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் வட்டம் போட்டுத் தொடுகோடு வரைந்துகொண்டிருப்பார். டிபன் பாக்ஸ் மூடியை வைத்துக்கூட வட்டம் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வன்று எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கிராஃப் தாளை விடைத்தாளோடு சேர்த்து நூலால் கட்டச் சொல்லி ஒரு மணி அடிப்பார்களே, அதுதான் வினையாகிப் போயிற்று. எங்கள் பள்ளியில் அந்த மணி அடித்ததும் அக்கா சாக்குப்பையை எடுத்துக்கொண்டு ஹால் வாசலில் போய் நிற்பார், விடைத்தாள் கட்டு வாங்க. இத்தனை வருஷப் பழக்கம். அங்கேயும் மணி அடித்ததும் எழுந்து, நேரே வாசலுக்குப் போய், கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இந்த அம்மா முடித்துவிட்டார் என்று நினைத்த கண்காணிப்பாளர் மேசையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டார். ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் இருந்த கிராஃப் தாளை யாரும் பார்க்கவில்லை, பாக்ஸோடு சேர்ந்து அதுவும் அக்கா பைக்குள் போய்விட்டது. பஸ் படாளம் தாண்டியபோதுதான் அக்கா பையைத் திறந்து பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அந்தக் கிராஃபை என் மேசையில் வைத்தார். அழகாக வரைந்திருந்தது. எட்டு மார்க். இதை எங்கே சேர்ப்பது என்று கேட்டார். வெளியே வந்த தாளை உள்ளே சேர்க்க எந்த விதியும் கிடையாது, மறுகூட்டலிலும் ஒன்றும் நடக்காது. எனக்கு வந்த கோபத்தில், "வர்ற போற பிள்ளைங்களை எல்லாம் கிராஃப் கட்டினியா, கிராஃப் கட்டினியான்னு கேக்கறீங்களே, உங்களை யார் எழுந்திருக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. கத்தின வாய் மூடுவதற்குள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"நானா எயுந்தேன்? காலுதான் சார் எயுந்துகிச்சு."

தோளில் ஒரு கை

ரிசல்ட் முப்பத்தொன்று. கிராஃப் சேர்ந்திருந்தால் முப்பத்தொன்பது. அந்த நாலு மார்க்கை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவோ அன்று மத்தியானமே துணைத் தேர்வுக்கு ஜன்னல் வரிசையில் வந்து நின்றார். கேமரா முன்னால் உட்காரும்போது தலையை வாரிக்கொண்டார். துணைத் தேர்வு ரிசல்ட்டுக்கும் பட்டியலுக்குச் சான்றிதழ் சேர வேண்டிய கடைசி நாளுக்கும் நடுவில் ஒரு வாரம்தான் இருந்தது. இதில் தவறினால் பட்டியலில் பெயர் கிடையாது. இந்தத் தடவை கணக்கைப் பற்றி எனக்குப் பயமில்லை, மணியைப் பற்றித்தான் பயம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன்.

அக்கா என்னைவிடக் கெட்டிக்காரர். தேர்வன்று ஹாலுக்குள் போனதுமே கண்காணிப்பாளராக வந்திருந்த சின்ன வயசு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறார். நான் மணி அடிக்கிறவ, மணி சத்தம் கேட்டா எழுந்துடுவேன், கொஞ்சம் பார்த்துக்கம்மா என்று. அந்தப் பெண் சிரிக்கவில்லையாம். மறுநாள் அக்கா தன் தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"ஒவ்வொரு பெல்லுக்கும் பக்கத்துல வந்து தோள்ல கைய வெச்சுச்சு சார். நான் சொன்னப்புறம் எயுந்துக்கோங்கம்மான்னுச்சு."

நம்பர் சரிதானா

ரிசல்ட் அன்று வெப்சைட் வழக்கம்போல முழி பிதுங்கி நின்றது. ஜன்னலில் இருபது பேர். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு முதலில் அக்கா நம்பரைத்தான் தட்டினேன். புகார் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்து மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். நம்பரை மறுபடி தட்டிப் பார்த்தேன். அதே நாற்பத்து மூன்றுதான்.

அக்கா இரண்டாவது மாடிக்குப் பாடப்புத்தகக் கட்டு தூக்கிக்கொண்டு போயிருந்தார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நாற்காலியை விட்டு அசையாதவன் மூச்சிரைக்க மாடி ஏறினேன். பாதிப் படியில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். கட்டைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லா பாத்தீங்களா சார், என் நம்பர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"இனிமே யாரும் திருப்பி எயுத சொல்ல மாட்டாங்க இல்ல?"

நாற்காலி

மார்க் ஷீட்டைத் தரவிறக்கி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி, தபாலை நம்பாமல், பட்டியல் தயாராகிற அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி நாளுக்கு மூன்று நாள் மிச்சமிருந்தது. இப்போது அக்கா மதுராந்தகத்தில் ஓர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். போன மாதம் ஒரு வேலையாக அங்கே போனேன். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, எதிரே மேசை, மேசை மேல் கோப்புகள். எனக்கு டீ சொல்லி அனுப்பினார், உட்கார்ந்தபடியே. முட்டி எப்படி இருக்கிறது, வலி குறைந்ததா என்று விசாரித்தேன். அக்கா புடவைக்கு மேலேயே முட்டியைத் தடவிக்கொண்டார்.

"உக்காந்தப்புறந்தான் சார் தெரியுது, இத்தினி வருசமா வலிச்சிகினு இருந்துச்சுன்னு."

ஒருமுறை பாஸ் ஆனவர் மறுபடி என் ஜன்னல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வந்தவர் திரும்பி வராமல் இருந்தால்தான் தொழில் நன்றாக நடக்கிறது என்று சந்தோஷப்படுகிற கடைக்காரன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.